டியூனர் பெட்டியில் எழுதியிருக்கும் ஓம் கணக்கு

ஹாம் ரேடியோ: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஆண்டெனா டியூனர் (ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையில் நின்று இரண்டையும் பொருத்திவைக்கும் பெட்டி) பற்றிய கேள்விகளே அதிகம் இருந்தன. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இம்முறை முழுப் பகுதியையும் டியூனருக்கே ஒதுக்கிவிட்டேன். முதல் பதில் நீளமானது. பின்னால் வரும் பதில்களுக்கும் அதுதான் அடிப்படை என்பதால், அதைப் படித்துவிட்டுக் கீழே போங்கள்.

கேள்வி: ஐயா, என் ட்ரான்ஸீவருக்குள் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோவுக்குள்) இருக்கும் டியூனர் 16.7 முதல் 150 ஓம் வரை பொருத்தும் என்று கையேட்டில் இருக்கிறது. அது போதவில்லை என்று வெளியே வைக்கும் ஆட்டோ டியூனர் ஒன்று வாங்கினேன். அதில் 6 முதல் 1000 ஓம் என்று போட்டிருக்கிறது. என்னுடையது 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோல், அதாவது நடுவில் இணைப்புக் கொடுக்கும் இரு கைக் கம்பி ஆண்டெனா. நடுவிலிருந்து 20 மீட்டர் நீளத்துக்கு ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை போர்த்தியது) இறங்குகிறது. அதே டைபோலில் 14 மெகாஹெர்ட்ஸ் போக முயன்றால் உள் டியூனர் மறுத்துவிடுகிறது. புது டியூனரோ சில நொடிகளில் எஸ்.டபிள்யூ.ஆரை (பொருத்தத்தைக் காட்டும் நிலை அலை விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் 100 வாட்டில் கூப்பிட்டாலும் பதில் இல்லை. அபூர்வமாக யாராவது வந்தாலும் சிக்னல் மிகவும் மெல்லியது என்கிறார்கள். டியூனர்தான் பொருத்திவிட்டதே, பிறகு எங்கே தவறு?

பதில்: டியூனர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்த 6, 1000 என்ற எண்களை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

முதலில் 16.7, 150 இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ரிக், அதாவது உங்கள் ட்ரான்ஸீவர், எதிர்பார்ப்பது 50 ஓம். 50-ஐ 3-ஆல் வகுத்தால் 16.7, 3-ஆல் பெருக்கினால் 150. அதாவது 'எஸ்.டபிள்யூ.ஆர். 3 வரை சமாளிப்பேன்' என்பதை ஓமில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதே கணக்கை வெளி டியூனருக்கும் போடுங்கள். 50-ஐ 6-ஆல் வகுத்தால் 8.3. 1000-ஐ 50-ஆல் வகுத்தால் 20. கீழ்ப்பக்கம் 8 மடங்கு, மேல்பக்கம் 20 மடங்கு. 50-க்கு மேலே இந்தப் பெட்டிக்குக் கை நீளம், 50-க்குக் கீழே கை குட்டை. 'எஸ்.டபிள்யூ.ஆர். 10 வரை பொருத்தும்' என்று ஒரே எண்ணாகச் சொல்லும்போது இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

கை ஏன் ஒருபக்கம் குட்டையாகிறது? ஆட்டோ டியூனர்களில் பெரும்பாலும் ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த எல் வடிவ சர்க்யூட்தான் இருக்கும். அதன் கணக்கு எளிது. இரண்டு தடைகளில் பெரியதைச் சிறியதால் வகுங்கள், 1 கழியுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் கியூ. 1000 ஓமுக்கு கியூ 4.36 வரும். சிறிய தடையை கியூவால் பெருக்கினால் காயிலின் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காயிலோ கெப்பாசிட்டரோ காட்டும் எதிர்ப்பு), பெரிய தடையை கியூவால் வகுத்தால் கெப்பாசிட்டரின் ரியாக்டன்ஸ். 1000 ஓமுக்கு அவை 218, 229 ஓம். 6 ஓமுக்கு 16, 18 ஓம் அளவில் வந்து நிற்கும்.

இதை அலைவரிசைகளில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். என் நோட்டில் நான்கு மூலைகளுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். 1.85 மெகாஹெர்ட்ஸில் 1000 ஓமைப் பொருத்த காயில் கிட்டத்தட்ட 19 மைக்ரோஹென்றி வேண்டும். அதே அலைவரிசையில் 6 ஓமைப் பொருத்த கெப்பாசிட்டர் 4660 பிகோஃபாரட் வேண்டும். மேலே 28.5 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால், 1000 ஓமுக்கு வெறும் 24 பிகோஃபாரட் போதும். 6 ஓமுக்கு காயில் 0.09 மைக்ரோஹென்றி. 0.09 என்பது ஏறக்குறைய அரை சாண் கம்பி வளையாமல் நேராகக் கிடந்தாலே வந்துவிடும் அளவு. ரிலேக்களுக்கு நடுவே ஓடும் இணைப்புகளே அதில் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். 24 பிகோஃபாரட்டும் அப்படித்தான், ரிலேக்களும் போர்டும் சேர்ந்தே அதில் கணிசமான பங்கைக் கொடுத்துவிடும்.

ஆக ஒரே பெட்டிக்குள் 0.09 முதல் 19 மைக்ரோஹென்றி வரை, 24 முதல் 4660 பிகோஃபாரட் வரை அடைக்க வேண்டும். ஒவ்வொரு காயிலும் முந்தையதைப் போல இரு மடங்கு இருக்கும்படி வரிசையாக வைத்து, ரிலேயால் சேர்த்தும் விலக்கியும் இதைச் செய்கிறார்கள். 8 காயில், 8 கெப்பாசிட்டர் இருந்தால் 65,536 சேர்க்கைகள். கெப்பாசிட்டரை ரிக் பக்கமோ ஆண்டெனா பக்கமோ மாற்ற ஒரு ரிலே சேர்ந்தால் அதுவும் இரட்டிப்பாகும். டியூன் பட்டனை அழுத்தியதும் கேட்கும் அந்தக் கடகடச் சத்தம் இதுதான். பெரிய கெப்பாசிட்டர்களுக்கு இடமும் மின்னோட்டத் தாங்கும் திறனும் வேண்டும். அதனால்தான் கீழ்ப்பக்க எல்லை முதலில் சுருங்குகிறது. 50 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் தனி எல்லை, அதுவும் மிகக் குறுகலாக, போட்டிருக்கும் டியூனர்களும் உண்டு. கையேட்டில் அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 6 முதல் 1000 என்பது சுத்தமான தடைக்கு மட்டும் சொன்ன எல்லை. ஆண்டெனாவும் கேபிளும் டியூனருக்குக் கொடுப்பது சுத்தமான தடை அல்ல, கூடவே ரியாக்டன்ஸும் இருக்கும். 16.7 ஓமுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 3, 150 ஓமுக்கும் 3. 30 ஓம் தடையோடு 40 ஓம் ரியாக்டன்ஸ் சேர்ந்தாலும் மிகச் சரியாக 3-தான், அந்த ரியாக்டன்ஸ் காயில் பக்கமாக இருந்தாலும் சரி, கெப்பாசிட்டர் பக்கமாக இருந்தாலும் சரி. மீட்டரில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். டியூனருக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை. தடையையும் ரியாக்டன்ஸையும் ஒரே வட்டப் படத்தில் குறிக்கும் ஸ்மித் சார்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஒரே எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு வட்டம். பிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்ட அந்தப் படத்தைவிட இதை அழகாகக் காட்டும் கருவி இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, உங்கள் டைபோலுக்கு வருவோம். 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலையாக இருக்கும் கம்பி, 14-இல் முழு அலையாகிவிடுகிறது. அப்போது நடுவில் இம்பீடன்ஸ் (தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு) சில ஆயிரம் ஓமுக்கு எகிறும். கணக்குக்கு 4000 ஓம் என்று வைத்துக்கொள்கிறேன். 50 ஓம் கேபிளின் மேல்முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 80.

20 மீட்டர் ஆர்.ஜி.58-க்கு 14 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனா ஒழுங்காகப் பொருந்தியிருந்தால் இழப்பு 1.1 டெசிபெல் அளவில்தான் இருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். 80 ஆகும்போது அதே கேபிளின் மொத்த இழப்பு பத்தரை டெசிபெல்லாகிவிடுகிறது. நீங்கள் அனுப்பும் 100 வாட்டில் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்வது சுமார் 9 வாட். மிச்சம் 91 வாட் கேபிளைச் சூடாக்குகிறது.

இன்னும் கேளுங்கள். ஆண்டெனாவில் பொருந்தாமல் திரும்பி வரும் அலையும் அதே கேபிளில் தேய்ந்துதான் கீழே வருகிறது. மேலே 80 ஆக இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். உங்கள் மேஜைக்கு வரும்போது 7.2 ஆகத் தெரியும். 7.2 என்றால் தடை எப்படிப் பார்த்தாலும் 7 ஓமுக்கும் 360 ஓமுக்கும் இடையில்தான் இருக்கும். 6 முதல் 1000 எல்லைக்குள் அது அப்படியே அடங்கிவிடுகிறது! உள் டியூனரின் எல்லை 3, அதனால் மறுத்தது. வெளி டியூனர் ஏற்றுக்கொண்டது. கேபிளின் இழப்புதான் டியூனரின் வேலையை எளிதாக்கியிருக்கிறது. நல்ல கேபிளாக, இழப்பு குறைந்ததாக இருந்திருந்தால் இந்த டியூனரும் திணறியிருக்கும், உங்களுக்கும் அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

லைசென்ஸ் வாங்கிய இரண்டாம் ஆண்டு எனக்கும் இதேதான் நடந்தது. அதே 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல், அதே மெல்லிய கேபிள். மீட்டர் முள் அசையாமல் இருக்கிறதே என்று மாதக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரண்டு நிமிடம் தொடர்ந்து அனுப்பிவிட்டு, ரிக்கை அணைத்து, சுவரோரமாக ஓடிய கேபிளை எதற்கோ கையில் பிடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கையை அப்படியே நகர்த்திக்கொண்டு போனேன். மூன்றரை மீட்டர் தள்ளி சாதாரணமாக இருந்தது. மேலும் மூன்றரை மீட்டர் போனால் மறுபடி வெதுவெதுப்பு. போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து உண்டாகும் நிலை அலையின் மின்னோட்ட உச்சங்களை விரலால் தொட்டு எண்ணினேன் என்பது பிறகுதான் உறைத்தது. கேபிளுக்குள் அலை வேகம் ஒளி வேகத்தில் 0.66 மடங்கு. 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலை சரியாக 7 மீட்டர். புத்தகத்தில் படித்த எதுவும் அந்தக் கேபிள் அளவுக்கு என் மனதில் பதிந்ததில்லை.

இப்போது என்ன செய்யலாம்? தடித்த ஆர்.ஜி.213 போட்டால் போதுமா என்று நினைப்பீர்கள். போதாது. அதிலும் ஏழரை டெசிபெல் போய்விடும், 18 வாட் அளவுதான் மேலே சேரும். இந்த வேலைக்கு கோஆக்ஸே தப்பான கம்பி. 450 ஓம் லேடர் லைனை (ஏணி போல இரு கம்பிகள் இணையாக ஓடும் லைன்) டைபோலின் நடுவிலிருந்து இறக்கி, டியூனர் அருகே ஒரு பேலன் (இரட்டைக் கம்பி லைனை கோஆக்ஸ் இணைப்போடு சேர்க்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) வழியாகக் கொடுங்கள். 4000 ஓமுக்கும் 450 ஓமுக்கும் விகிதம் 9-தான். லைனின் சொந்த இழப்பும் மிகச் சொற்பம், ஒரு டெசிபெல்லில் சிறு பகுதிதான் போகும்.

ஆனால் அங்கேதான் உங்கள் 1000 ஓம் எல்லை முதல்முறையாக உண்மையிலேயே குறுக்கே வரும். லேடர் லைனின் நீளத்தைப் பொறுத்து, கீழ்முனையில் தெரியும் இம்பீடன்ஸ் தலைகீழாக மாறும். 14.15 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீள லேடர் லைன் என்பது, அலை வேகத்தை 0.91 என்று வைத்தால், 4.8 மீட்டர். அந்த நீளத்தில் 4000 ஓம் கீழே 50 ஓமாக வந்து நிற்கும். 450-ஐ 450-ஆல் பெருக்கி 4000-ஆல் வகுத்துப் பாருங்கள். டியூனருக்கு வேலையே இல்லை! அதே லைன் 9.6 மீட்டராக இருந்தால் அரை அலை. 4000 ஓம் அப்படியே 4000-ஆகக் கீழே தெரியும். டியூனர் கடகடவென்று ஓடித் தோற்று நிற்கும். அப்படி நின்றால் ஆண்டெனாவை மாற்ற வேண்டாம். லைனில் இரண்டரை மீட்டர் கூட்டுங்கள். 4000 என்பது சுமார் 100 ஓம் தடையும் 440 ஓம் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸுமாக மாறிவிடும். அது டியூனர் சமாளிக்கக்கூடிய எல்லைக்குள் வரும். லேடர் லைன் போட்ட நிலையத்தில் டியூனர் இந்தப் பெட்டி மட்டுமல்ல, அந்த லைனின் நீளமும் டியூனரில் ஒரு பாகம்தான். நான் இரண்டரை மீட்டர் துண்டு ஒன்றை இரு முனைகளிலும் கிளிப் வைத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். பேண்டு மாறும்போது தேவைப்பட்டால் இடையில் சேர்த்துவிடுவேன்.

கேள்வி: 5 மீட்டர் உயரத்துக்கு நேர்க்குத்தாக ஒரு கம்பி நிறுத்தி, கீழே தரையில் நாலைந்து ரேடியல் கம்பிகள் பரப்பியிருக்கிறேன். மற்ற பேண்டுகளில் பரவாயில்லை. 3.6 மெகாஹெர்ட்ஸில் மட்டும் டியூனர் பிடிப்பதே இல்லை. ஆண்டெனாவை அளக்கும் அனலைசரில் தடை 11 ஓம் என்று காட்டுகிறது. 6-க்கு மேல்தானே இருக்கிறது?

பதில்: மேலே சொன்ன 'சுத்தமான தடை' என்ற விஷயம் உங்களிடம் அப்படியே வந்து நிற்கிறது. அனலைசரில் தடைக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 5 மீட்டர் மெல்லிய கம்பிக்கு 3.6 மெகாஹெர்ட்ஸில் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ் 1100 ஓம் அளவில் வரும். அதை ரத்து செய்யவே 48 மைக்ரோஹென்றி காயில் வேண்டும். உங்கள் டியூனரில் அவ்வளவு இல்லை. நான் மேலே போட்ட நான்கு மூலைக் கணக்கில்கூட அதிகபட்சம் 19-தான்.

அதோடு, ரியாக்டன்ஸ் இவ்வளவு பெரிதாக இருக்கும் இடத்தில் சின்ன அனலைசர்கள் காட்டும் தடையை நான் நம்புவதில்லை. ஸ்மித் சார்ட்டின் விளிம்பில் நிற்கும் அளவீடு அது. ஒரு துளி பிழை வந்தாலும் 11 என்பது 5 ஆகலாம், 20 ஆகலாம்.

வெளியே காயில் சுற்றிவிடுங்கள். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் 40 சுற்று, மொத்த நீளம் 60 மில்லிமீட்டர் வரும்படி சீராகச் சுற்றினால் 48 மைக்ரோஹென்றி கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் எனாமல் கம்பி போதும். இரண்டு மூன்று சுற்று கூடுதலாகவே சுற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். ரியாக்டன்ஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்துங்கள். காயில் கம்பியின் அடியில், கம்பிக்கும் டியூனருக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கப்புறம் மிச்சமிருக்கும் சின்னத் தடையை டியூனர் பொருத்திவிடும்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாகக் காற்றில் போகும் சக்திக்கு உரிய தடை, 1.4 ஓம்தான். தரையில் 10 ஓம், காயிலில் ஐந்தரை ஓம் இழப்பு என்று வைத்தால், 100 வாட்டில் 8 வாட்தான் காற்றில் போகும். ரேடியல்களை நாலைந்திலிருந்து பதினாறாக்கினால் தரை இழப்பு இறங்கும். என் கணக்கில் இன்னொரு டியூனர் வாங்குவதைவிட ரேடியல் கம்பி வாங்குவது பத்து மடங்கு பயன்.

கேள்வி: 20 மீட்டர் நீளக் கம்பியை ஒரு முனையிலிருந்து ஃபீட் செய்கிறேன். 10 மெகாஹெர்ட்ஸில் டியூனர் உடனே பிடிக்கிறது. 7-லும் 14-லும் அடியோடு மறுக்கிறது. டியூனர் பழுதா?

பதில்: பழுதில்லை. 20.1 மீட்டர் என்பது 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை. அரை அலைக் கம்பியை முனையில் ஃபீட் செய்தால் இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கில் இருக்கும், 14-இல் முழு அலையாகி மறுபடி அதே கதை. 1000 ஓம் எல்லை அங்கே எட்டாது. இரண்டு வழி. இம்பீடன்ஸை ஒன்பதில் ஒரு பங்காக்கும் 9:1 அன்அன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வையுங்கள். 4000 ஓம் 444 ஓமாகி எல்லைக்குள் வந்துவிடும். இல்லையென்றால் கம்பியை 12.5 மீட்டராக வெட்டிவிடுங்கள். அதன் அரை அலை 11.4 மெகாஹெர்ட்ஸில், முழு அலை 22.9-இல் விழுகிறது. இரண்டிடத்திலும் நம் பேண்டு எதுவும் இல்லை. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், நடுவில் ஒரு பொருள் குறைகிறது. எதைச் செய்தாலும் ஆண்டெனாவின் மறுபாதியாக நிற்கும் சில மீட்டர் கவுன்டர்பாய்ஸ் கம்பி ஒன்று கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் ரிக்கின் உடம்பே அந்த வேலையைச் செய்யும், மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீரென்று வரும்.

கேள்வி: லேடர் லைனுக்கு 4:1 பேலன் நல்லதா, 1:1 பேலன் நல்லதா?

பதில்: 450 ஓம் லைன், 50 ஓம் டியூனர் என்பதால் பலரும் யோசிக்காமல் 4:1 வாங்கிவிடுகிறார்கள். லைனின் கீழ்முனையில் எப்போதும் 450 ஓம் இருக்கும் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். அங்கே இருப்பது பேண்டுக்கு ஒரு எண். ஒரு பேண்டில் 2000 ஓம் இருந்தால் 4:1 அதை 500 ஆக்கி உதவும். அடுத்த பேண்டில் 24 ஓம் இருந்தால் அதை 6 ஆக்கி, டியூனரின் கை எட்டாத ஓரத்துக்கே தள்ளிவிடும். குறைந்த இம்பீடன்ஸ் பக்கம் டியூனர் பலவீனம் என்பதை முதல் பதிலில் பார்த்தோம். அதனால் நல்ல ஃபெரைட்டில் சுற்றிய 1:1 கரன்ட் பேலன் ஒன்றில் தொடங்குங்கள். ஏதாவது ஒரு பேண்டில் பிடிக்கவில்லை என்றால் அந்த இரண்டரை மீட்டர் லைன் துண்டைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் 4:1-ஐ யோசிக்கலாம்.

கேள்வி: கையால் திருகும் பழைய டியூனர் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு வேரியபிள் கெப்பாசிட்டர், நடுவே தரைக்குப் போகும் காயில். இது எதையும் பொருத்திவிடும் என்கிறார்கள். ஆட்டோ டியூனரைவிட இதுதான் மேலா?

பதில்: அது டி வடிவ சர்க்யூட். எதையும் பொருத்திவிடும் என்பது ஏறக்குறைய உண்மைதான். எந்த விலைக்குப் பொருத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1.85 மெகாஹெர்ட்ஸில் 10 ஓம் ஆண்டெனா என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கெப்பாசிட்டர்கள் 250 பிகோஃபாரட் வரை போகும் என்று வைப்போம். ஆண்டெனா பக்கக் கெப்பாசிட்டரை முழுதாக மூடினாலும் அதன் ரியாக்டன்ஸ் 344 ஓம். வெறும் 10 ஓம் தடையோடு 344 ஓம் தொடரில் நின்றால், அந்தப் பக்கத்து கியூ 34. ரிக் பக்கத்தில் இன்னும் 15 சேரும். காயிலின் சொந்த கியூ (அதன் ரியாக்டன்ஸை அதன் இழப்புத் தடையால் வகுத்த எண்) 200 என்றாலும் 100 வாட்டில் 20 வாட் அந்தக் காயிலிலேயே வெந்துபோகும். நடுப்புள்ளியில் 1300 வோல்ட்டுக்கு மேல் உச்ச மின்னழுத்தம் எழும். பட் பட் என்று பொறி பறப்பது இதனால்தான்.

அதே 10 ஓமை எல் வடிவ சர்க்யூட்டில் பொருத்தினால் கியூ 2. காயிலில் இழப்பு ஒரு சதவீதம். ஆனால் அதற்கு 3440 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். அந்தக் காசையும் இடத்தையும் மிச்சப்படுத்தத்தான் டி வடிவம் 250-ஐ வைத்துச் சமாளிக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, 50 ஓமைவிடக் கூடுதலான இம்பீடன்ஸ்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். அங்கே உங்கள் பழைய பெட்டி அருமையான பெட்டி.

டி வடிவத்தில் இன்னொரு கவனம். ஒரே ஆண்டெனாவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 1 காட்டும் இடங்கள் பல உண்டு. அவை சமமல்ல. ஆண்டெனா பக்கக் கெப்பாசிட்டரை முழுதாக மூடிய நிலையில், அதாவது அதிக பிகோஃபாரட்டில், தொடங்குங்கள். ரிக்கை 10 வாட்டில் வைத்து காயிலையும் ரிக் பக்கக் கெப்பாசிட்டரையும் மாற்றிப் பொருத்துங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் மட்டும் ஆண்டெனா பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். குமிழை மயிரிழை நகர்த்தினாலே எஸ்.டபிள்யூ.ஆர். தாவுகிறது என்றால் கியூ ஏறிப்போன தப்பான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். 100 வாட்டில் ஒரு நிமிடம் அனுப்பிவிட்டு, ரிக்கை அணைத்து, மூடியைத் திறந்து காயிலைத் தொட்டுப் பாருங்கள். கை சொல்லிவிடும்.

கேள்வி: என் டியூனரில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. 1.1 வரும்வரை விடாமல் பட்டனை அழுத்துகிறேன். சரியா?

பதில்: வேண்டாம். 1.5-இல் திரும்பி வருவது 4 சதவீதம், 0.2 டெசிபெல்கூட இல்லை. எதிர்முனையில் இருப்பவர் காதுக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் ரிக்கும் அந்த அளவில் முழுச் சக்தியைக் கொடுக்கும். ரிலே தேய்வதுதான் மிச்சம். 1.5-இல் நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.